ஆளுக்கு 125 ஜிபி என்று வகுத்தால் டிஸ்க் நிரம்பாதா?

கேள்வி: ஐயா, எங்கள் ஆராய்ச்சித் துறையில் 80 பேர் ஒரே லினக்ஸ் சர்வரில் வேலை செய்கிறோம். என் ஆய்வுக்கு நடுவே அதைப் பார்த்துக்கொள்வதும் என் தலையில்தான். மொத்த டிஸ்க் 10 டிபி. மாதம் ஒருமுறை நிரம்பிவிடும். எல்லாருக்கும் மெயில் போடுவேன், யாரும் அசைய மாட்டார்கள். போன வாரம் 100 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. ஒரு மாணவி ஆய்வேட்டைச் சேமிக்கப்போக, ஃபைல் 0 பைட் ஆகிவிட்டது. இரண்டு நாள் பழைய பேக்கப்தான் கிடைத்தது. துறைத் தலைவர், "பத்தை எண்பதால் வகு, ஆளுக்கு 125 ஜிபி கோட்டா போடு, வேலை முடிந்தது" என்கிறார். கணக்கெடுத்துப் பார்த்தால் 5 பேர் மட்டும் 7 டிபி வைத்திருக்கிறார்கள், அதில் ஒருவர் மூத்த பேராசிரியர். 60 பேர் ஆளுக்கு 10 ஜிபியைக்கூடத் தாண்டவில்லை. எவ்வளவு கோட்டா வைப்பது? அந்த ஐந்து பேரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: முதலில் அந்த 0 பைட் விஷயம். பல புரோகிராம்கள் சேமிக்கும்போது பழைய ஃபைலைத் திறந்து, உள்ளே இருப்பதை வழித்துவிட்டு, அப்புறம்தான் புதியதை எழுதத் தொடங்கும். வழிப்பதற்கு இடம் தேவையில்லை. எழுதத்தான் தேவை. டிஸ்க் நிரம்பியிருந்தால் முதல் வேலை நடந்துவிடும், இரண்டாவது நடக்காது. பழையதும் போய் புதியதும் வராமல் வெறும் பெயர் மட்டும் நிற்கும். தற்காலிக ஃபைலில் முழுதாக எழுதி முடித்துவிட்டுப் பெயரை மாற்றுகிற எடிட்டர்கள் இந்த விபத்தில் சிக்குவதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோட்டா போட்டாலும் இதே விபத்து நடக்கும். தன் அளவைத் தாண்டிய ஆளுக்கும் எழுத இடமில்லைதானே? என்ன வித்தியாசம் என்றால், இப்போது யாரோ ஒருவர் செய்ததற்கு அந்த மாணவி மாட்டிக்கொண்டார். கோட்டா இருந்தால் நிரப்பியவரே மாட்டுவார். நியாயம்தான், ஆனாலும் ஒருவரின் உழைப்பு போகத்தான் போகிறது. ஆகவே எண்ணைப் பற்றி யோசிப்பதற்கு முன், அந்த எண்ணைத் தொடும் முன்பே ஆளுக்குத் தகவல் போய்ச் சேருகிறதா, தகவல் கிடைத்தவர் பொருளைத் தூக்கி வைக்க வேறு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மெயிலுக்கு யாரும் அசையாததற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர்களுக்கும் தெரியாது.

இப்போது தலைவரின் வகுத்தல் கணக்கு. நீங்கள் எடுத்த எண்களே அதற்குப் பதில் சொல்லிவிட்டன. 125 என்று போட்டால் ஐந்து பேரின் வேலை அன்றே நின்றுவிடும். மற்ற 60 பேருக்கு ஒதுக்கியதில் ஆளுக்கு 115 ஜிபிக்கு மேல், அதாவது 7 டிபி அளவுக்கு, யாருக்கும் பயனில்லாமல் கிடக்கும். பகிர்ந்து பயன்படுத்துகிற டிஸ்க் எங்கே இருந்தாலும் கதை இதுதான்: சிலர் நிறைய வைத்திருப்பார்கள், பலர் கொஞ்சம்தான் வைத்திருப்பார்கள். சராசரியை வைத்து அளவு தைத்தால் சட்டை யாருக்கும் பொருந்தாது.

நான் செய்வது வேறு. இடத்தை ஆளுக்கு ஆள் பிரிப்பதற்கு முன், பொருளின் தன்மையைப் பார்த்துப் பிரிப்பேன். சொந்தக் கட்டுரை, புரோகிராம், அமைப்பு ஃபைல்கள் எல்லாம் ஹோமில், அதாவது அவரவர் சொந்த ஃபோல்டரில், இருக்கட்டும். சிறியவை, போனால் திரும்ப வராதவை, தினமும் பேக்கப் எடுக்க வேண்டியவை. ஆய்வுக் குழுவின் தரவு ப்ராஜெக்ட் பகுதிக்குப் போகட்டும். ஒரு கணக்கீடு ஓடும்போது வந்து குவிகிற இடைநிலை ஃபைல்களுக்கு ஸ்கிராட்ச். அதற்குப் பேக்கப் கிடையாது, குறிப்பிட்ட நாள் தொடாமல் கிடந்தால் அழிந்துவிடும்.

இந்த மூன்றும் மூன்று தனி ஃபைல்சிஸ்டமாக, அதாவது டிஸ்க்கில் தனித்தனிக் கணக்கு வைக்கும் பகுதிகளாக, இருக்க வேண்டும். வெறும் மூன்று ஃபோல்டர் என்று வைத்துவிடாதீர்கள். ஆள்வாரிக் கோட்டா ஃபோல்டரைப் பார்ப்பதில்லை. அந்த ஃபைல்சிஸ்டம் முழுக்க இந்த ஆளின் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே எண்ணும். ஹோமும் ப்ராஜெக்ட்டும் ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருந்து, ஹோமுக்கென்று ஒருவருக்கு 25 ஜிபி வைத்தீர்கள் என்றால், அவர் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் போடுவதும் அதே 25க்குள் எண்ணப்படும். இதைக் கவனிக்காமல் "என் ஹோமில் 3 ஜிபிதான் இருக்கிறது, எழுத முடியவில்லை என்கிறது" என்று வருகிறவர்களோடு அரைநாள் மல்லுக்கட்டிய நிர்வாகிகளை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

எல்விஎம் (டிஸ்க்கை வேண்டியபடி பிரிக்கவும் பின்னால் பெரிதாக்கவும் உதவும் லினக்ஸ் வசதி) வைத்துப் பிரித்தால் சௌகரியம். ஹோமுக்கு 1 டிபி, ப்ராஜெக்ட்டுக்கு 6, ஸ்கிராட்சுக்கு 1.5 கொடுத்துவிட்டு, மீதி 1.5 டிபியை யாருக்கும் கொடுக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது இருப்பதை வெளியே சொல்ல வேண்டியதில்லை. எது முதலில் நெருக்குகிறதோ அதற்கு அப்புறம் கூட்டிக் கொடுக்கலாம். குறிப்பாக எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் வகையை வைத்தீர்கள் என்றால் பெரிதாக்குவது ஒரு நிமிட வேலை, சுருக்குவது நடக்காத காரியம். அதனால் சிறிதாகத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

ஹோமில் எல்லாருக்கும் ஒரே அளவு: சாஃப்ட் லிமிட் 20 ஜிபி, ஹார்ட் லிமிட் 25 (இவை என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்). எண்பது பேருக்கும் 25 என்றால் 2 டிபி ஆகிறதே, நீங்கள் 1 டிபிதானே கொடுக்கிறீர்கள் என்று கேட்பீர்கள். ஆமாம், தெரிந்துதான். உங்கள் 60 பேர் 10ஐக்கூடத் தொடவில்லை. எல்லாரும் ஒரே வாரத்தில் 25ஐத் தொடும் நாள் வராது. இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுப்பது இந்தத் தொழிலில் தவறில்லை, வாராவாரம் மொத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால். ஹோம் 80 சதவீதத்தைத் தாண்டினால் கையிருப்பிலிருந்து கூட்டிவிடுங்கள்.

சாஃப்ட், ஹார்ட் என்ற இரட்டை வரம்பு புதிதல்ல. 1983இல் வந்த 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் இயங்குதளத்திலேயே, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ் எழுதிய கோட்டா அமைப்பில் இது இருந்தது. ஹார்ட் லிமிட் சுவர், அதற்கு மேல் ஒரு துண்டு கூட எழுத விடாது. சாஃப்ட் லிமிட்டைத் தாண்டலாம், ஆனால் தாண்டிய கணத்திலிருந்து கிரேஸ் பீரியட் என்ற அவகாசம் ஓடத் தொடங்கும். லினக்ஸில் அது இயல்பாக 7 நாள். அதற்குள் கீழே இறங்கவில்லை என்றால் சாஃப்ட் லிமிட்டே சுவராகிவிடும். அழிக்கலாம், எழுத முடியாது. 7 நாள் போதாது என்பது என் கருத்து. ஒருவர் விடுப்பில் போய்த் திரும்புவதற்குள் கதவு மூடியிருக்கும். 14 ஆக்கிவிடுங்கள். இந்த நாள் கணக்கு ஆளுக்கு ஆள் வைப்பதல்ல, ஃபைல்சிஸ்டம் முழுமைக்கும் ஒன்றுதான். யாராவது ஒருவருக்கு அவசரம் என்றால் அவருக்கு மிச்சமிருக்கும் நாளை மட்டும் நீட்டித் தர வழி இருக்கிறது.

இடத்தோடு எண்ணிக்கைக்கும் வரம்பு வையுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐனோடு, அதாவது ஃபைலின் விவரங்களை வைக்கும் ஒரு பதிவு, வேண்டும். ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல்சிஸ்டம் வகையில் ஐனோடுகளின் எண்ணிக்கை ஃபைல்சிஸ்டத்தை உருவாக்கும்போதே முடிவாகிவிடும். குட்டி ஃபைல்களை ஒருவர் அளவில்லாமல் குவித்தால், ஜிபி கணக்கில் பாதி காலியாக இருக்கும்போதே "இடமில்லை" என்று சர்வர் கைவிரிக்கும். பைத்தான் சூழல்கள் நாலைந்து நிறுவிய ஒரு ஹோமைத் திறந்து பாருங்கள், புரியும். ஹோமுக்கு 5 லட்சம் ஃபைல் என்று வையுங்கள். நேர்மையாக வேலை செய்கிறவர் யாரும் அதைத் தொட மாட்டார்.

யார் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இரவில் ஃபைல் அளவுகளை ஒவ்வொன்றாகக் கூட்டும் 'டியூ' கட்டளையை ஓடவிட்டு டிஸ்க்கைப் பிராண்டாதீர்கள். கோட்டா இயங்கத் தொடங்கிவிட்டால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தானே கணக்கு வைத்திருக்கும். 'ரெப்கோட்டா' என்று அடித்தால் பட்டியல் உடனே வந்துவிடும். அதில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு குறிகள் இருக்கும். இரண்டும் மைனஸ் என்றால் ஆள் நலம். முதல் குறி பிளஸ் ஆனால் இடத்தில் சாஃப்ட் லிமிட்டைத் தாண்டியிருக்கிறார். இரண்டாவது பிளஸ் ஆனால் ஃபைல் எண்ணிக்கையில் தாண்டியிருக்கிறார். காலையில் வந்தவுடன் பிளஸ் இருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்ப்பேன். பெரும்பாலான நாள் இரண்டு மூன்று வரிதான் இருக்கும்.

இரண்டு இடத்தில் வழுக்கும், சொல்லிவிடுகிறேன். ஒன்று, கோட்டாவில் 0 என்றால் "வரம்பே இல்லை" என்று அர்த்தம். வேலையை விட்டுப் போனவரை நிறுத்தி வைக்கிறேன் என்று 0 போட்டால், மொத்த டிஸ்க்கையும் அவர் பெயருக்கு எழுதிக்கொடுத்த மாதிரி.

இன்னொன்று அலகு. சும்மா எண் கொடுத்தால் அது கிலோபைட். 50 ஜிபி என்றால் 52428800. இப்போதைய பதிப்புகளில் எண்ணுக்குப் பின்னால் ஜி என்ற எழுத்தைச் சேர்த்தால் புரிந்துகொள்ளும். நான் தொடங்கிய காலத்தில் கையால்தான் அடிக்க வேண்டும். ஒரு மாலை, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு மாதிரிக் கணக்குக்கு 5242880 என்று ஒரு சுழி குறைத்து அடித்துவிட்டு, அதையே கோட்டாவை மாற்றும் 'எட்கோட்டா' கட்டளையில் முன்மாதிரியாகக் காட்டி 40 பேருக்கும் நகலெடுத்துவிட்டேன். 50 ஜிபி 5 ஜிபி ஆகிவிட்டது. மறுநாள் காலையில் என் அறை வாசலில் கூட்டம். பாஸ்வேர்டு கொடுக்கிறார்கள், திரை ஒரு கணம் கறுக்கிறது, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கிறது. தவறான பாஸ்வேர்டு என்றும் சொல்லவில்லை. வரைகலைத் திரை உள்ளே நுழையும்போது ஹோமில் ஒரு குட்டி ஃபைல் எழுதும். அதற்கு இடமில்லாமல் திரும்பி வந்துவிடுகிறது. பாஸ்வேர்டு சர்வரைத்தான் ஒரு மணி நேரம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காக ஓடியது, ஏனென்றால் நான் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு. கோட்டா ரூட்டைத் தடுக்காது. ஆகவே எதை மாற்றினாலும், வரம்பு உள்ள ஒரு சாதாரணக் கணக்கில் உள்ளே போய் ஒரு ஃபைல் எழுதிப் பாருங்கள். உங்கள் சர்வரில் யாராவது இப்படி வாசலிலேயே சுற்றினால், எழுத்துத் திரையில் உள்ளே போகச் சொல்லி ஒன்றிரண்டு ஃபைலை அழிக்கச் சொல்லுங்கள், திறந்துவிடும்.

அப்புறம், "அழித்துவிட்டேன், இன்னும் அப்படியே காட்டுகிறது" என்று வருவார்கள். முதலில் குப்பைத்தொட்டியைக் காலி செய்தாரா என்று கேளுங்கள். அதுவும் ஹோமுக்குள்தான் மறைந்திருக்கிறது, அதுவும் கணக்கில் உண்டு. அதுவும் இல்லை என்றால், அழித்த ஃபைலை ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கும். பெயர் போய்விட்டாலும் அந்தப் புரோகிராம் நிற்கும்வரை இடம் திரும்பாது. 'எல்எஸ்ஓஎஃப்' என்ற கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும்.

ப்ராஜெக்ட் பகுதியில் ஆள்வாரிக் கோட்டா வேண்டாம். அங்கே கணக்கு ஃபைலின் உடைமையாளர் பெயரில் விழும். பேராசிரியரின் குழு ஃபோல்டரில் ஒரு மாணவர் 800 ஜிபி தரவை இறக்கினால் பழி மாணவருக்கு. அவர் படிப்பை முடித்துப் போன பிறகும் அவர் பெயரில்தான் கிடக்கும், பேராசிரியரோ "என்னிடம் ஒன்றுமே இல்லையே" என்பார். பொய்யில்லை, பட்டியலும் அப்படித்தான் காட்டும். இதற்குத்தான் ப்ராஜெக்ட் கோட்டா என்று தனியாக இருக்கிறது. உள்ளே யார் எழுதினாலும் ஃபோல்டருக்கு மொத்தமாக ஒரு வரம்பு. எக்ஸ்எஃப்எஸ்ஸில் வெகுகாலமாக இருக்கிறது, ஈஎக்ஸ்டி4க்கு 2016இல் லினக்ஸ் 4.5இல் வந்தது. ஒவ்வொரு ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கும் பொறுப்பாளர் ஒருவர், முடியும் தேதி ஒன்று. இந்த இரண்டும் இல்லாமல் எந்த ஃபோல்டரையும் திறந்து கொடுக்காதீர்கள்.

எக்ஸ்எஃப்எஸ்ஸில் கோட்டாவை மவுண்ட் செய்யும்போதே, அதாவது ஃபைல்சிஸ்டத்தைச் சர்வரோடு இணைக்கும்போதே, சொல்ல வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது ரீமவுண்ட் செய்து சேர்க்க முடியாது. எப்படியும் தரவை நகர்த்த வேண்டியிருப்பதால் ஒரு விடுமுறை நாளை நிறுத்த நாளாக அறிவித்துவிடுங்கள்.

ஸ்கிராட்ச் பற்றிச் சுருக்கமாக. 60 நாள் தொடாதது அழியும் என்று வைக்கலாம். ஆனால் எந்தத் தேதியைப் பார்த்து அழிக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ஃபைல் மாற்றப்பட்ட தேதியை மட்டும் பார்த்து அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை முன்பு எழுதி வைத்திருந்தேன். சக ஊழியர் ஒருவர் ஒரு மாலை ஒரு 'டார்' கட்டைப் (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டியது) பிரித்து வைத்துவிட்டுப் போனார், மறுநாள் காலையில் ஒன்றுமே இல்லை. டார் பிரிக்கும்போது ஃபைல்களுக்குப் பழைய தேதியையே திருப்பிக் கொடுக்கும். முந்தின நாள் வந்தவை என் ஸ்கிரிப்ட் கண்ணுக்கு மூன்று வருடக் கிழவர்கள். கடைசியாகப் படித்த தேதி, மாற்றிய தேதி, ஐனோடு மாறிய தேதி மூன்றுமே பழையதாக இருந்தால் மட்டும் அழிக்கட்டும். 'நோஏடைம்' என்ற விருப்பத்தைப் போட்டு மவுண்ட் செய்திருந்தால் படித்த தேதி பதிவாவதே இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெயில் போட்டும் யாரும் அசையவில்லை என்றீர்கள். எண்பது பேருக்கும் சேர்த்துப் போடுகிற மெயில் யாருக்கும் போடாத மெயில்தான். பிளஸ் குறி விழுந்தவருக்கு மட்டும், அவர் எண்ணைச் சொல்லி எழுதுங்கள். நான் அனுப்புவது இப்படி இருக்கும்: "வணக்கம். உங்கள் ஹோமில் இப்போது 21.4 ஜிபி இருக்கிறது, அளவு 20. இன்னும் 13 நாளில் குறையவில்லை என்றால் புதிதாக எதையும் சேமிக்க முடியாது. 25ஐத் தொட்டால் அந்த நிமிடமே நின்றுவிடும், திறந்திருக்கும் ஃபைல் பழுதாகலாம். அதிக இடம் பிடித்திருக்கும் மூன்று ஃபோல்டர்கள் கீழே. எங்கே நகர்த்துவது என்று தெரியவில்லை என்றால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள்." பெரும்பாலும் அந்த மூன்றில் ஒன்று பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பாகவோ குப்பைத்தொட்டியாகவோ இருக்கும், பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஃபோல்டர் பெயரும் அளவும் மட்டும் பாருங்கள். ரூட் என்பதற்காக உள்ளே திறந்து படிக்காதீர்கள், எவ்வளவு குப்பையாகத் தெரிந்தாலும் நீங்களாக எதையும் அழிக்காதீர்கள். ஒருமுறை அழித்துவிட்டால், அதற்கப்புறம் தொலைகிற எல்லா ஃபைலுக்கும் உங்களைத்தான் கேட்பார்கள்.

கடைசியாக அந்த ஐந்து பேர். பூனைக்கு மணி கட்டும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். யாருக்கு எவ்வளவு என்பது துறையின் முடிவு, தலைவர் கையெழுத்தில் வரட்டும். பட்டியலைத் தயாரிப்பதும் முடிவைச் செயல்படுத்துவதும்தான் உங்கள் வேலை. ஆனால் கையெழுத்துக்கு முன் ஐவரையும் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள், பேராசிரியரை முதலில். "குறைக்க வேண்டும்" என்று தொடங்காதீர்கள். "இதில் எவை தொலைந்தால் திரும்பச் செய்ய முடியாது?" என்று கேளுங்கள். மூலத் தரவைக் காட்டுவார், கடைசி முடிவுகளைக் காட்டுவார். நடுவே கிடப்பவை, அதாவது இடைநிலைக் கணக்குகள், ஒரே தரவின் நாலாவது பிரதி, சுருக்காத உரை ஃபைல்கள், இவை எல்லாம் தாமாகவே பட்டியலிலிருந்து உதிரும். முடிந்துபோன ஆய்வுகளைத் தனி டிஸ்க்கில் இரண்டு பிரதியாக எடுத்து வைத்துவிடலாம். அதன் பிறகும் அவருக்கு உண்மையிலேயே 2 டிபி தேவைப்பட்டால் கொடுங்கள், ஒரு தேதியோடு. "எனக்கு மட்டும் வரம்பு வேண்டாம்" என்றால் அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பெரிய எண் கொடுக்கலாம், 0 கூடாது.

இதெல்லாம் நடந்து முடிய ஒரு மாதமாவது ஆகும். அதுவரை மூச்சு விட ஒரு வழி: உங்கள் டிஸ்க் ஈஎக்ஸ்டி4 என்றால், 5 சதவீதம் ரூட்டுக்கென்று இயல்பாகவே ஒதுக்கப்பட்டிருக்கும். 10 டிபியில் அது 500 ஜிபி. இயங்குதளம் வேறு டிஸ்க்கில் இருந்தால், வெறும் தரவு டிஸ்க்குக்கு அவ்வளவு தேவையில்லை. 'ட்யூன்2எஃப்எஸ்' என்ற கட்டளை கொண்டு 1 சதவீதமாக்கினால் 400 ஜிபி உடனே கிடைக்கும், சர்வரை நிறுத்தவும் வேண்டாம். கிடைத்ததை யாரிடமும் சொல்லாதீர்கள், ஒரு வாரத்தில் தின்றுவிடுவார்கள்.

அந்த மாணவியிடமும் ஒன்று சொல்லுங்கள். அவர் 'விம்' எடிட்டர் பயன்படுத்துகிறவர் என்றால், ஃபைல் இருந்த அதே ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கி 'எஸ்டபிள்யூபி' என்று முடியும் மறைந்த ஃபைல் ஒன்று கிடக்கலாம். 'ஈமாக்ஸ்' எடிட்டர் என்றால் பெயரின் இருபுறமும் ஹாஷ் குறியோடு ஒன்று, கடைசியில் நெளிகோட்டோடு இன்னொன்று இருக்கலாம். அந்த ஃபோல்டரில் வேறு எதையும் எழுதாமல் முதலில் அவற்றை நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள். போன இரண்டு நாளில் கொஞ்சமாவது அதில் இருக்க வாய்ப்பு உண்டு.